முப்பத்தைந்து ரூபாய் டாலர்

1

வரும் வியாழக்கிழமை எங்களுக்குக் கல்யாண நாள். இருபத்திரண்டு வருடம் முடிகிறது. அடிலெய்டுக்கு வந்து பதினெட்டு வருடம்.

கல்யாண நாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலைக் காபி முடிந்ததும் நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வாசிப்பேன். என் கணவர் முரளி எதிரே உட்கார்ந்து கேட்பார். அந்தப் பக்கத்தில் நான்கு வரிகள்தான் இருக்கும். இங்கே வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு. கிழக்குத் தாம்பரத்தில் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டின் இன்றைய விலை எவ்வளவு. அந்த விலைக்கு எத்தனை டாலர். ஃப்ளாட்டை விற்றுக் கடனை அடைத்தால் முரளி எந்த வயதில் வேலையை விடலாம். நான்காவது வரிக்கு வரும்போது என் குரல் கொஞ்சம் ஏறும் என்று மகள் யாழினி சொல்வாள். அவளுக்குப் பதினாறு வயது. அப்பா பணத்தைச் செலவு பண்றார், அம்மா பணத்தை எழுதறாங்க என்று தோழிகளிடம் எங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வருடம் நான்காவது வரியில் ஐம்பத்து மூன்று என்று வாசித்தேன். இந்த வருடம் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. ஜனவரியில் ஊருக்குப் போய் வந்த பிறகு அதில் எழுதக் கை வரவில்லை. ஏன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

கல்யாணமான புதிதில் நாங்கள் பம்மலில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். முரளிக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை. சனிக்கிழமை கூலி. முதல் சனிக்கிழமை கூலி உறையோடு வருவார் என்று காத்திருந்தேன். மேசை ஃபேன் ஒன்றும் மீன் தொட்டி ஒன்றும் வந்தன. ஃபேன் அவருடைய அக்காவுக்கு, மீன் தொட்டி எனக்கு. உறையில் மீதி நாற்பது ரூபாய். அடுத்த சனிக்கிழமை வரை அந்த நாற்பதில் ஓட்டினோம். தொட்டியில் விட மீன் வாங்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நான் மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே குமாஸ்தா வீட்டுப் பெண். செலவை எழுதாத வீட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இங்கே வந்தபோது நோட்டும் வந்தது. முதல் வாரம் ஒரு கட்டுக் கொத்தமல்லியின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். வந்த புதிதில் எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலானவர்கள் ஒரு வருடத்தில் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை, முறைப்படுத்தினேன். டாலர் மதிப்பு தினமும் மாறுகிறது. மாறும் அளவுகோலை வைத்துக்கொண்டு போன வருட அரிசியையும் இந்த வருட அரிசியையும் ஒப்பிட முடியாது. ஆகவே நாங்கள் விமானம் ஏறிய அன்று மாற்றிய விலையையே நோட்டுக்கு நிலையாக வைத்தேன். ஒரு டாலர் முப்பத்தைந்து ரூபாய். டாலர் ஒரு பத்தி, ரூபாய் ஒரு பத்தி. சமையலறைக் கணக்குக்கு அது சரியாகவே வேலை செய்தது.

விகிதம் ஏறியது எனக்குத் தெரியாது என்றல்ல, செய்தியில் வருகிறதே. அது என் நோட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். ஊருக்குப் பணம் அனுப்பும் வேலை முரளியுடையது. அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு அவர் கணக்கிலேயே நிற்கும். தாம்பரம் ஃப்ளாட்டுக்கான தவணை முடியும்வரை, வாடகை போகத் துண்டு விழுந்தது அதிலிருந்துதான் போனது. அவர் கணக்கை நான் பார்ப்பதில்லை, என் நோட்டை அவர் பார்ப்பதில்லை. சண்டை வராமலிருக்க நாங்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஐநூறு டாலருக்கு மேல் எந்தச் செலவானாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்.

முரளி இங்கே ஒரு உணவுத் தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர். போன நவம்பரில் ஐம்பத்திரண்டு முடிந்தது. வலது தோளில் இரண்டு முறை ஊசி போட்டாகிவிட்டது. சட்டை மாட்டும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி உள்ளே விடுவார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைப் பதிவு செய்யும் எனக்குப் புதன்கிழமை தவிர வாரத்தில் நான்கு நாள் வேலை. அங்கே நான் யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்ததில்லை, யாரிடமும் வாங்கிக் குடித்ததுமில்லை. ஃபிளாஸ்க்கில் கொண்டு போவேன். எல்லாம் அந்த நான்காவது வரிக்காகத்தான்.

3

ஜனவரிப் பயணம் ஃப்ளாட்டை விற்பதற்காக. விலை அறுபது லட்சம் என்று பேச்சு. வரி, தரகு எல்லாம் போகக் கையில் ஐம்பத்தாறு லட்சம் நிற்கும். நோட்டுப்படி அது ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர். இங்கே கடன் பாக்கியும் ஒரு லட்சத்து அறுபதாயிரம். இத்தனை வருடத்தில் இரண்டு எண்களும் முதல் முறையாகச் சமமாக வந்திருந்தன. விமானத்தில் அதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

தாம்பரத்தில் முதல் வாரம் வங்கியிலேயே போனது. விற்ற பணம் எங்கள் இருவர் பெயரிலுள்ள கணக்கில் விழ வேண்டும். அதற்கு என் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும்.

“மேடம், பழைய ஃபாரத்துல தமிழ்ல சைன் பண்ணிருக்கீங்க. இப்ப இங்கிலீஷ்ல போடறீங்க” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

“அங்க போனப்புறம் மாத்திக்கிட்டேன்.”

“சரி, பழைய மாதிரியே ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

பதினெட்டு வருடமாகப் போடாத கையெழுத்து. மூன்று முறை போட்டேன். மூன்றும் மூன்று விதமாக வந்தன. அவர் அடுத்ததாக வெளிநாட்டு முகவரிக்குச் சான்று கேட்டார். தண்ணீர் பில், மின்சார பில், எதுவானாலும் அசல் வேண்டும். அங்கே எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகிறது என்றேன். “அப்ப ஒரிஜினல்னு ஒண்ணு இல்லவே இல்லையா மேடம்?” என்று நிஜமான கவலையோடு கேட்டார். மூன்றாவது முறை போனபோது மேலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஊரில் விலைவாசி பயங்கரமாகத் தெரிந்தது. ஒரு டிஃபனுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய். ஆறு டாலர்! “அடிலெய்டே மேல்” என்றேன். முரளி இன்னொரு வடை வாங்கிக்கொண்டார். நான் ஒவ்வொன்றுக்கும் யோசிக்க, அவர் யோசிக்காமல் கொடுத்துக்கொண்டே போனார். பழக்கம் அப்படி, ஊருக்கு வந்தும் மாறவில்லை என்று டைரியில் எழுதினேன்.

4

இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை யாழினியை அழைத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். முரளி முன்னாலேயே பம்மலுக்கு, அவருடைய அக்கா சரோஜா வீட்டுக்குப் போயிருந்தார். அக்காவுக்கு அறுபத்தொன்று. முன்பு ஷூ கம்பெனியில் தோல் தைத்தவர், இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். சந்தை முடிந்து நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கூடம் முழுக்கத் தெர்மாகோல். நடுவில் நீல நிறத்தில் ஒரு புது ஃப்ரிட்ஜ்.

“அத்தை, இவன் ரொம்ப அழகா இருக்கான்!” என்றாள் யாழினி.

“யாருடி?”

“ஃப்ரிட்ஜ்.”

“ஃப்ரிட்ஜு ஆம்பளையா? சரியாத்தான் சொன்ன. நின்ன எடத்துலயே நின்னுகினு கரண்ட்ட குடிப்பான்” என்று சரோஜா அக்கா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “நான் வேணாம்னுதான் சொன்னேன் ராஜி. முரளி கேட்டாத்தானே? பழசு செத்து மூணு மாசமாச்சி. பக்கத்து வூட்ல மாவு வெச்சினு கீறேன். காலைல போயி அவ கதவத் தட்டறதுக்குள்ள பேஜாராப் போவுது.”

பில் ஃப்ரிட்ஜின் மேலேயே இருந்தது. இருபத்தெட்டாயிரம். நான் மனதில் வகுத்தேன். முரளியைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டேன்.

“ஐநூறுக்கு மேல கேக்கணும்னுதானே பேசினோம்?”

“ஐநூறுக்குள்ளதான் ராஜி. நானூத்தித் தொண்ணூத்தியொண்ணு. ரெண்டு கதவு வெச்சது ஒண்ணு இருந்துச்சி, அது தாண்டிப் போச்சின்னு இத எடுத்தேன்.”

“எண்ணூறுங்க. இருபத்தெட்டாயிரத்த முப்பத்தஞ்சால வகுத்துப் பாருங்க.”

“இன்னாத்துக்கு முப்பத்தஞ்சு?”

குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். ஆனால் அந்த வீட்டில் சமையலறைக்குக் கதவு கிடையாது. யாழினி கைபேசியோடு வந்து நின்றாள்.

“அம்மா, தர்ட்டி ஃபைவ் இல்ல. இப்ப ஃபிஃப்டி செவன். அப்பா சொல்றது கரெக்ட். நீங்க எந்த வருஷத்து ரேட் போடறீங்க?”

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “இன்னாடா முரளி, கடைக்காரனுக்கு ஃபோனப் போட்டு எடுத்துனு போவச் சொல்லிறவா?”

“அதெல்லாம் வேணாங்க்கா. ஃப்ரிட்ஜ் இருக்கட்டும்” என்றேன் நான்.

அதைச் சொல்லிக்கொண்டே முரளியைப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த தெர்மாகோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஃப்ரிட்ஜ் போகட்டும், ஐம்பத்தாறு லட்சத்தை ஐம்பத்தேழால் வகுத்தால் என்ன வரும்?

5

யாழினியை அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பேருந்தில் தாம்பரத்துக்குத் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தது. சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் மடியில். ஃப்ரிட்ஜ் பில்லின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம். கடனுக்கு அறுபத்திரண்டாயிரம் டாலர் குறைகிறது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“ஃப்ளாட்டு வாங்கினப்பவே நாப்பத்தேழோ நாப்பத்தெட்டோ இருந்துச்சி. மாசாமாசம் அனுப்பறவன் நான். எனக்குத் தெரியாதா?”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“ரெண்டு தடவ சொன்னேன். நோட்டுக்கு ஒரே ரேட்டுதான், மாத்தினா எல்லாம் கொழம்பிடும்னு சொல்லிட்ட.”

இது பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். என் டைரிகள் எல்லாம் அடிலெய்டில் தேதி வாரியாக இருக்கின்றன. திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தேன். இருந்தது. “முரளி விகிதம் பற்றி ஏதோ சொன்னார். ஒப்பீடு கெடும் என்றேன். மாலை மழை.” இரண்டு வருடம் கழித்து இன்னொரு இடத்திலும் அதே செய்தி, மழை இல்லாமல்.

அன்று பேருந்தில் இது என் கையில் இல்லை. “அப்புறம் ஏன் விட்டுட்டீங்க? வருஷா வருஷம் எதிர்ல உக்காந்து கேட்டீங்களே?” என்றேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முரளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “வருஷத்துல ஒரு நாள், ‘முரளி, அம்பத்தி மூணு’ன்னு படிப்ப. வேல செய்யறவனுக்கு அதக் கேக்க நல்லா இருக்கும் ராஜி. நடக்காதுன்னு தெரிஞ்சாலும் நல்லாதான் இருக்கும்.”

“தெரிஞ்சும் ஃப்ரிட்ஜ் வாங்குனீங்க.”

“அக்கா மாவ பக்கத்து வூட்ல வெச்சா நம்ம கடன் அடைஞ்சிருமா?”

அடுத்த நான்கு நாட்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். எனக்குக் கோபம். எதன் மீது என்று சரியாக எழுத வேண்டும் என்பதற்காக யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லாமல் விட்டது பாதி. மீதிப் பாதி, இரண்டு முறை சொன்னபோதும் டைரியில் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துபோன என் மீது. ஊருக்கு வந்தது முதல் ஒவ்வொரு கடையிலும் நாங்கள் மோதிக்கொண்டதில் ஒரு பங்கு பழக்கத்தால் வந்தது. மறு பங்கு, ஒரே தெருவில் இருவரும் இரண்டு விலைகளைப் பார்த்துக்கொண்டு நடந்ததால் வந்தது. அந்த வடை எனக்கு ஒரு டாலர், அவருக்கு அறுபது சென்ட்.

6

செவ்வாய்க்கிழமை வாங்குபவர் ஃப்ளாட்டுக்கு வந்தார். நடுத்தர வயது, மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மா சமையலறைக் குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்தார். வாங்குபவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சார், அறுபதுன்னு பேசினது பேசினதுதான். அட்வான்ஸ் கையோட கொண்டாந்திருக்கேன். நீங்க சொல்லிட்டா இன்னைக்கே எழுதிடலாம்.”

எந்த விலையும் கேட்காமல் தலையாட்டுகிற முரளி என் பக்கம் திரும்பினார். “ராஜி, நீ சொல்லு.”

பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு இருவரும் பால்கனிக்குப் போனோம். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது தூரம் போகும்போது பேசினோம், கிட்டே வரும்போது நிறுத்தினோம்.

“வித்துட்டு, இப்ப கட்டற தவணையையே கட்டினா மீதி அடைய நாப்பத்தேழு மாசம்” என்றேன். நான்கு நாள் பேசாமலிருந்ததில் அதைத்தான் போட்டு வைத்திருந்தேன். “உங்களுக்கு அப்ப ஐம்பத்தாறு முடிஞ்சு ஒரு மாசம்.”

“விக்கலன்னா?”

“வாடகை வரும். கடன் அப்படியே நிக்கும். உங்களுக்கு வயசு அறுபது தாண்டிடும்.”

அவர் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். தெரிந்து செய்யவில்லை. “நாப்பத்தேழு மாசம் இது தாங்குமான்னு உன் நோட்டுல எழுதிருக்கா?”

“இல்ல.”

விமானம் வந்து போனது.

“நான் அஞ்சாவது நாளும் வேலைக்குப் போறேன்” என்றேன். “லேப்ல ரொம்ப நாளா கேக்கறாங்க. அப்ப முப்பத்து மூணு மாசம்தான். ஐம்பத்தஞ்சுக்கு ஒரு மாசம் கொறச்சல்.”

“ஏய், புதன்கிழமை ஒண்ணுதான் உனக்குன்னு இருக்கு.”

“இருக்கட்டும்.”

“அப்ப அந்த ஐநூற எரநூறாக்கிடு. எனக்கு ஐநூறு வேணாம்.”

“வேணாம். நீங்க எரநூறுன்னு வெச்சா நூத்தித் தொண்ணூத்தொம்பதுக்கு மூணு தடவ வாங்குவீங்க. ஐநூறே இருக்கட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். நானும்தான். உள்ளே போய்ச் சரி என்றேன். அந்த அம்மா குழாயைத் திறந்து வைத்தபடியே வெளியே எட்டிப் பார்த்தார். நான் போய் மூடினேன். அன்று மாலை தமிழில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒழுங்காக வந்தது.

7

இதை எழுதத் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை. இன்று வெள்ளி. கல்யாண நாள் நேற்று முடிந்தது.

நேற்றுக் காலையில்தான் கடைசிப் பக்கத்தை எழுதினேன். முதல் முறையாக மூன்றாவது வரியில் விகிதத்தையும் அன்றைய தேதியையும் சேர்த்தேன். சமையலறைப் பத்தியில் முப்பத்தைந்து என்பதை மாற்றவில்லை. அரிசியை ஒப்பிட எனக்கு அது வேண்டும். ஃப்ரிட்ஜை நானூற்றுத் தொண்ணூற்றொன்று என்று பதிந்தேன். பக்கத்தில் “கேட்க வேண்டியதில்லை” என்று குறித்தேன்.

மாலைக் காபிக்குப் பிறகு நோட்டை முரளியிடம் நீட்டினேன். “இந்த வருஷம் நீங்க படிங்க.”

“நானா?” என்று கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து நின்று வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். யாழினி சிரித்தாள். “அப்பா, இது என்ன நியூஸ் ரீடிங்கா?” முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நான்காவதை மெதுவாகப் படித்தார். முரளி, ஐம்பத்தைந்துக்கு ஒரு மாதம் குறைவு.

பிறகு நோட்டை மூடாமல் முன்னும் பின்னும் புரட்டினார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டுப் பார்ப்பதே அன்றுதான். “இதுல எங்கயும் நீயே இல்லியே ராஜி” என்றார்.

“எல்லாம் நான் எழுதினதுதானே.”

“எழுதினது நீதான். உன் புதன்கிழமை எங்க கீது?”

அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். தோள் வலித்திருக்க வேண்டும், நோட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டார். நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று எழுதினார். எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனது. எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்.

“இத நீ படி.”

படித்தேன். “ராஜி, புதன்கிழமை வேலை, முப்பத்து மூணு மாசம் மட்டும்.”

குரல் ஏறியதா என்று யாழினியைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.